யோகமலரின் படத்துக்கு ஒரு மாலை

ஊர் ஊராக மற்றவர் முகங்களைப் படமாகக் கீறித் திரிந்த மனிதருக்குத் தன் முகமென்று ஒரு படம்கூட இல்லை என்பது, அவர் செத்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் யோகமலருக்கு உறைத்தது. அப்போது அவள் டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துத் தன் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை அப்படியே வைத்துவிட்டு, முன்னறைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"இஞ்சேருங்கோ, டெக்லன் அண்ணையின்ர படம் ஒண்டும் எங்களிட்ட இல்லையெல்லோ?"

அவள் கணவர் சபாரத்தினம், பென்ஷன் எடுத்த நாள்முதல் தொலைக்காட்சியில் சைக்கிள் ஓட்டப் போட்டி பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருப்பவர். "அதெப்பிடி இல்லாமல் இருக்கும்? முப்பது வருசத்துக்கு மேல வந்து போன மனிசன்" என்றார். பிறகு யோசித்தார். பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து குசினிக்கு வந்தார்.

முப்பத்தோராம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டில் படையல் வைத்து, டெக்லனைத் தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பதென்று யோகமலர் முடிவெடுத்திருந்தாள். அயர்லாந்தில் இருந்த அவருடைய சகோதரியின் மகன் பிரெண்டன், தங்கள் ஊர் வழக்கப்படி ஒரு மாதம் முடிய மாதாகோயிலில் பூசை வைப்போம் என்று எழுதியிருந்தான். செத்தவரை ஒரு மாதத்தில் மறுபடி கூடி நினைப்பது அவர்களுக்கும் உண்டு என்று அறிந்ததில் அவளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அவர்களுடைய பூசைக்குப் படம் வேண்டியதில்லை. நம்மவர் வீட்டில் படம் இல்லாமல் என்ன நினைவுநாள்? விளக்கை எதற்கு முன்னால் ஏற்றுவது? மாலையை எதில் போடுவது? வெறுஞ்சுவரைப் பார்த்துக் கும்பிடுவதா?

டெக்லன் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கடல் வீட்டுப் படலை வாசல் வரைக்கும் வருகிற ஓர் ஊரில் பிறந்தவர். தகப்பன் பஸ் ஓட்டினாரா, அல்லது பஸ்ஸே அவருடையதா என்பது யோகமலருக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. கதையைச் சொன்னவருக்கு டேனிஷ் அரைகுறை, கேட்டவளுக்கு அந்த அரைகுறையும் இல்லை. இருபத்தைந்து வயதில் ஒரு கப்பலில் கீர்ஸ்டன் என்ற டேனிஷ் பெண்ணைக் கண்டு, அவளைக் கீறி, கீறின கையோடு அவள் பின்னாலேயே டென்மார்க்கின் யூலண்டுக்கு வந்து சேர்ந்தார். அவள் இரண்டு குளிர்காலம் பொறுத்தாள். பிறகு ஒரு பல் வைத்தியரைக் கட்டிக்கொண்டாள்.

வேறு ஆளென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருப்பான். டெக்லன், பேக்கரிப் பாண் விற்றுத் திரிந்த ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, பின்பக்கத்தில் கட்டிலும் அடுப்பும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பண்ணைக்காரர், மீன்பிடிப் படகுக்காரர், பாதிரிமார், பேக்கரிக்காரர் என்று அவர் முன்னால் படத்துக்கு இராதவர்கள் குறைவு. பண்ணைக்காரர்கள் முதலில் தங்கள் காளையைக் கீறிக் காட்டச் சொல்வார்களாம். காளை சரியாக வந்தால்தான் மனைவியைக் கொண்டுவந்து இருத்துவார்களாம். கூலியாகச் சாப்பாடும் வானை நிறுத்த ஓர் இடமும் போதும், அதற்குமேல் அவரவர் மனசு. கீறிய படமெல்லாம் கீறப்பட்டவரிடமே போய்விடும். ஸ்கீவ நூலகத்தில் ஒரே ஒரு முறை அவருக்குக் கண்காட்சி வைத்தார்கள். அதற்குக்கூட வீடு வீடாகப் போய்ப் படங்களை இரவல் வாங்கவேண்டியிருந்தது. பிற்பாடு அந்தப் பல் வைத்தியரையும் ஒருநாள் கீறினாராம். "நன்றாகத்தான் கீறினேன், பல்லைத் தவிர" என்று சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. முன்னால் இருப்பவர் கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டிருக்கிற முகம் முகமில்லை, அது அடையாள அட்டை என்பார். மற்றது, அவரை ஒருவரும் படம் எடுக்கக்கூடாது. கமெராவைக் கண்டால் கையைத் தூக்கி முகத்தை மறைப்பார். "நான் பார்க்கிற ஆள். பார்க்கப்படுகிற ஆள் இல்லை" என்பது அவர் சொல்லும் நியாயம். மனிதருக்கு வெட்கம், வேறொன்றுமில்லை என்பது யோகமலரின் தீர்ப்பு.

யோகமலர் கலியாணப் பெண்ணாக டென்மார்க்குக்கு வந்தது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஐப்பசியில். சபாரத்தினத்துக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. விடிய இருட்டில் போய்ப் பின்னேரம் இருட்டில் வருவார். நடுவில் கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தில் அவள் தனியே இருந்தாள். மொழிப் பள்ளிக்கு ஒரு கிழமை போனாள். வாயைத் திறந்து இரண்டு சொல் சொல்வதற்குள் ஆசிரியை நிறுத்தித் திருத்துவார். திருத்தியதைச் சொன்னால் அதையும் திருத்துவார். அடுத்த கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்தாள், அந்தக் காய்ச்சல் பிறகு மாறவே இல்லை. கடைக்குப் போனால் சாமானை விரலால் காட்டுவாள். யாராவது கதவைத் தட்டினால் மூச்சுக்கூட விடமாட்டாள். ஊரில் வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், இங்கே வாயே இல்லாதவளாகிப் போனாள்.

தொழிற்சாலையில் ஓய்வு பெறவிருந்த மேற்பார்வையாளரைக் கீறுவதற்கு வந்த டெக்லனை, சபாரத்தினம்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தார். மனைவியின் படத்தை ஊருக்கு அனுப்பி மாமனார் வீட்டில் பெயரெடுக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. யோகமலர் கூறைச்சேலை உடுத்து, தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டு, குளிருக்கு மேலே புருசனின் கம்பளிச் சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்தாள். வந்த மனிதருக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று, ஊரிலிருந்து பெட்டிக்குள் நெளிந்து வந்த பித்தளைச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். டெக்லன் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்தாள். அப்படியே இரு, அசையாதே என்று கையைக் காட்டினார். கம்பளிச் சட்டையைக் கழற்றப் போனாள். அதுவும் வேண்டாம் என்றார்.

பிறகு வழக்கம்போல, "கதை" என்றார். அவள் கதைக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார், அடுத்த நாளும் அவள் வாய் திறக்கவில்லை. எத்தனையோ வாயாடிகளைக் கீறிய மனிதருக்கு அது புதிய அனுபவம். சரி, ஒருவராவது கதைக்கவேண்டுமே என்று தானே தொடங்கினார். தகப்பனின் பஸ், கடல், கப்பல், கீர்ஸ்டன் எல்லாம் அப்படித்தான் வெளியே வந்தன. ஒரு கையில் தூரிகை நிற்க, மற்றக் கையால் பஸ்ஸை ஓட்டிக் காட்டுவார். தெரியாத சொல் வந்தால் அந்த இடத்தில் ஐரிஷ் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்புவார். யோகமலர் செம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் இத்தனை வருசம் இருந்தும் இந்த மனிதர் இப்படித்தான் கதைக்கிறார், ஒருவரும் இவரை அடித்துத் துரத்தவில்லையே என்று அவளுக்கு மெல்ல மெல்லப் பயம் தெளிந்தது.

பல் வைத்தியர் கதை வந்த அன்று வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குள் படம் முடிந்துவிட்டிருந்தது. ஆனால் சிரிக்கத் திறந்த வாயை அவளால் மூட முடியவில்லை, காதில் விழுந்திருந்த நாலு டேனிஷ் சொல்லை வைத்துப் பதிலுக்குத் தன் கதையைத் தொடங்கிவிட்டாள். அவள் சொன்னது சரியா பிழையா என்று டெக்லனுக்கே தெரியாது. ஆகவே ஒருமுறைகூட நிறுத்தித் திருத்தவில்லை. சட்டம் போடவேண்டும், வர்ணம் காயவேண்டும் என்று சாக்குச் சொல்லிச் சொல்லி அந்த மனிதர் ஒரு மாதம் வானை அவர்கள் வாசலிலேயே நிறுத்திவைத்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

அந்த வாயை வைத்துத்தான் யோகமலர் பிறகு படித்தாள். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் சாரங்கியின் பள்ளிக்கூடக் கூட்டங்களில் கையை உயர்த்திக் கேள்வி கேட்டாள். அம்மாவின் டேனிஷில் அயர்லாந்து வாசம் அடிக்கிறது என்று சாரங்கி கேலி பண்ணுவாள். யோகமலர் அதைப் பட்டம் கிடைத்ததுபோல் எடுத்துக்கொள்வாள்.

படம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கூறையைக் காணவில்லை, கம்பளிச் சட்டைதான் தெரிந்தது. முகமோ, யாரோ கதை சொல்ல ஆவென்று கேட்டுக்கொண்டிருக்கிற முகம். செம்பின் நெளிவைக்கூட விட்டுவைக்காமல் நட்டநடுவில் கறுப்பாக அப்பியிருக்கிறாரே என்று ஆத்திரப்பட்டாள். ஊருக்கு அனுப்புகிற எண்ணம் அன்றோடு போயிற்று. கீறியவர் மனம் நோகக்கூடாதென்று முன்னறைச் சுவரில் மாட்டினார்கள். அது மார்கழி மாதம். தெருவெல்லாம் ஜன்னல்களில் விளக்கு வைத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, சபாரத்தினமும் ஒரு மின்சார மெழுகுதிரியை வாங்கிவந்து, வேறு இடம் கிடைக்காமல் படத்துக்குக் கீழே வைத்தார்.

அங்கேதான் வினை. பக்கத்து நகரமான விபோர்க்கிலிருந்து, தமிழ்ச் சங்கத் தலைவர் நவரத்தினம் அண்ணை திருவெம்பாவைப் பூசைக்குச் சொல்ல வந்தார். சட்டம் போட்ட பெரிய படம், அதன் கீழே எரிகிற விளக்கு. நம் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தார். கண் கலங்கிவிட்டது. சபாரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பிள்ளை வந்து ரெண்டு மாசம்தானேயடா. எப்ப நடந்தது? எனக்கொரு ரெலிபோன் எடுத்திருக்கக்கூடாதோ?"

சபாரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து யோகமலர் தேநீர்த் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். நவரத்தினம் அண்ணை போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரன் இறங்கி வந்துவிட்டான்.

சிரித்து ஓய்ந்த பிறகு பயம் பிடித்தது. உயிரோடு இருக்கிறவளின் படத்துக்கு விளக்கு வைத்தது என்ன சகுனம்? அடுத்த கிழமையே அவளுக்குக் கடும் காய்ச்சல், இந்த முறை உண்மைக் காய்ச்சல். எழும்பி நடந்ததும் முதல் வேலையாகப் படத்தைக் கழற்றி, பழைய விரிப்பில் சுற்றி, அலுமாரிக்குப் பின்னால் தள்ளினாள். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

ஒவ்வொரு வருடமும் இலை கொட்டுகிற காலத்தில் டெக்லன் வருவார். தெருச் சந்தியில் அவருடைய வானின் ஹோர்ன் கேட்டதும் வீடு அமளிப்படும். சபாரத்தினம் அலுமாரியை இழுப்பார், யோகமலர் தூசி தட்டுவாள், சாரங்கி கதிரையில் ஏறி ஆணியில் கொழுவுவாள். அவர் வாசலுக்கு வரும்போது படம் சுவரில் சிவனே என்று இருக்கும். "தக் ஃபோ சிஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைவார். போன முறை சந்தித்ததற்கு நன்றி என்று அர்த்தம். இந்த நாட்டில் ஒருவரை மறுபடி காணும்போது முதலில் சொல்வது அதுதான். ஒரு வருடம் கழித்து நன்றி சொல்கிறார்களே என்று யோகமலர் ஆரம்பத்தில் சிரித்திருக்கிறாள். பிறகு அவளும் அதையே சொல்லிக் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, நாலைந்து நாள் கதைத்துத் தீர்த்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வான் திருப்பத்தில் மறைந்ததும் படமும் மறைந்துவிடும்.

இந்த மாசியில், ஒரு பண்ணை வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தார். விபோர்க் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தார். யோகமலர் வேலை முடிந்ததும் நேரே போய்ப் பக்கத்தில் இருந்தாள். அவர் கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுபட்டு மூடிக்கிடந்தது. அவள் கதைத்தாள், தனக்குத் தெரிந்த டேனிஷ் அத்தனையையும் கதைத்தாள். ஒரு சொல் திரும்பி வரவில்லை. யார் முன்னால் இருந்து கதைக்கப் பழகினாளோ அந்த மனிதர் பேச்சில்லாமல் போய்ச் சேர்ந்தார். பிரெண்டன் வந்து தகனத்தை முடித்து, அஸ்தியையும் வானில் இருந்த சாமான்களையும் கொண்டுபோனான்.

அதற்குப் பிறகு டெக்லனை நினைத்தால் அந்த மூடின வாய்தான் அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கதைத்த முகம் எங்கோ போய், ஆஸ்பத்திரியின் ஒரு கிழமை அந்த இடத்தில் வந்து குந்திக்கொண்டது. அதை நினைத்து அழுதாள். மாலை போடுவதற்கு மட்டும் அவள் படம் தேடவில்லை. "அவர் கதைக்கிற முகம் ஒண்டு எனக்கு வேணும். அதுக்கு முன்னால நிண்டு ஒருக்கா நன்றி சொல்லவேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஹோர்சன்ஸ் நகரத்தில் வேலை செய்கிற சாரங்கி லீவு எடுத்துக்கொண்டு ரயிலில் வந்தாள். அவளுடைய போனில் கிடைத்தது ஒரு கை, ஒரு தொப்பி, கதவைச் சாத்தும் ஒரு முதுகு. டெக்லன் கீறின ஒரு பண்ணைக்காரரிடமும் ஒரு பேக்கரிக்காரரின் விதவையிடமும் அறிமுகமான பாதிரியாரிடமும் யோகமலர் கேட்டாள். எல்லாரும் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லி உருகினார்கள். கடைசியில் எல்லாரும் போனில் அனுப்பி வைத்தது டெக்லன் கீறின தங்கள் சொந்தப் படத்தை! பண்ணைக்காரர் காளையின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

பிரெண்டன் இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்று டெக்லன் சின்ன வயதில் மாதாகோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்தது. காதுகள் வெளியே நிற்கிற ஏழெட்டு வயதுப் பையன். மற்றது பாஸ்போர்ட்டில் இருந்தது. நவரத்தினம் அண்ணை ரெலிபோனில் தைரியம் சொன்னார்.

"அது காணும் பிள்ளை. பாஸ்போட் படத்தைப் பெருப்பிச்சு, பின்னுக்கு நீலம் போட்டால் வடிவா வரும். எங்கட ஆக்களுக்கும் அப்பிடித்தானே செய்யிறம்."

யோகமலர் அந்தப் படத்தைப் பார்த்தாள். நேரே பார்க்கிற கண், இறுக மூடின வாய்.

"இது வேண்டாம் அண்ணை. ஆஸ்பத்திரியில கிடந்த ஆள் இவர்தான். எங்கட வீட்டை வந்தவர் இவரில்லை."

நினைவுநாளுக்கு முதல்நாள் காலை, படம் கிடைக்காது என்று அவளுக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. அலுமாரியை இழுத்து, தன் படத்தை வெளியே எடுத்தாள். வேறொன்றும் இல்லாவிட்டாலும், டெக்லன் வருகிற நாளில் அது சுவரில் இருப்பதுதானே வழக்கம்.

"பாவம் மனிசன். நாங்கள் இதை ஒளிச்சு வைச்சது தெரியாமலே போட்டுது" என்றாள் தூசியைத் துடைத்தபடி.

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். "ஆர் சொன்னது தெரியாதெண்டு?"

"என்ன?"

"ஆரம்பத்தில ஒரு வருசம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர். நீர் வேலைக்குப் போயிட்டீர். வந்து ஆணியைப் பாத்தார், என்னைப் பாத்தார். நான் என்ன செய்யிறது? நவரத்தினம் அண்ணை தொப்பி கழட்டின கதை முழுக்கச் சொல்லிப்போட்டன். நிலத்தில இருந்து சிரிச்சவர். அடுத்த வருசத்தில இருந்துதான் சந்தியில நிண்டு ஹோர்ன் அடிக்கத் தொடங்கினவர். நாங்கள் கொழுவி முடிக்க நேரம் வேணுமெண்டு."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லவேண்டாமெண்டு கேட்டவர். வெளியில நிண்டு அந்த அமளியைக் கேக்க அவருக்கு விருப்பமாம்."

யோகமலர் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு வருடமும் சந்தியில் வானை நிறுத்தி, இவர்கள் அலுமாரி இழுத்து முடியட்டும் என்று காத்திருந்த மனிதரை நினைத்தாள். இப்படி ஒருவர் தன் வீட்டுக்கு வந்து போனாரே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவருக்கு நல்ல சாப்பாடு ஒன்றாவது படைப்போம் என்று எழுந்தாள்.

படையலுக்குத் தண்ணீர் வைக்கச் செம்பு வேண்டும். அதே பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பளபளவென்று வந்தது. ஈரம் துடைக்கும்போது விரல் நெளிவில் பட்டது. கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பக்கமாக. அவள் கை அப்படியே நின்றது. படத்தில் கறுப்பு இருப்பது செம்பு வயிற்றின் நட்டநடுவில் அல்லவா?

செம்பைத் தூக்கிக்கொண்டு படத்திடம் ஓடினாள். நெளிவு இருக்கவேண்டிய இடத்தில் படத்தில் அவளுடைய விரல்கள் இருந்தன, நெளிவு அவற்றுக்குள் மறைந்துவிட்டது. அப்படியென்றால் நடுவில் அப்பியிருப்பது என்ன? மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தாள். "சாரங்கி, வெளிச்சம் பிடி!" என்று கத்தினாள். மகள் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

செம்பின் பளபளப்பில் பிம்பமாக, பெருவிரல் நகமளவு மனிதர். செம்பின் வளைவில் வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது. கம்பளித் தொப்பி, கலைந்த தாடி. ஒரு கையில் தூரிகை பாதியில் நிற்கிறது. மற்றக் கை பஸ் ஓட்டுகிறது. வாய் நன்றாகத் திறந்திருந்தது.

"கதைக்கிறார்" என்றாள் யோகமலர். "இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ. அண்ணை கதைச்சுக்கொண்டு நிக்கிறார்."

மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பார்த்தன. சாரங்கி மற்றவர்கள் அனுப்பிய படங்களையும் ஒவ்வொன்றாகத் துருவினாள். பேக்கரிக்காரரின் விதவை கையிலிருந்த கோப்பிச் சாடியிலோ, காளையின் கண்ணிலோகூட டெக்லன் இல்லை. அம்மாவின் படத்தில் மட்டும் ஏன் என்று டேனிஷில் கேட்டாள்.

யோகமலருக்கு அது விளங்கிவிட்டது. "மற்ற எல்லாரும் அவருக்குக் கதை சொன்னவை. நான் ஒருத்திதானே வாய் திறக்காமல் இருந்தது. அவர்தான் கதைச்சவர். நான் கேட்டனான்." தனக்குப் பிடிக்காமலே இருந்த அந்த ஆவென்ற முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆசையோடு பார்த்தாள். கேட்கிறவளை மட்டும் கீறினால் போதாது, கதைக்கிறவரும் வேண்டுமென்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

சாரங்கி போனில் அதைப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தாள். பெருப்பிக்கப் பெருப்பிக்க ஆள் கரைந்தார். தாடி ஒரு பூச்சு, வாய் ஒரு பூச்சு, அவ்வளவுதான் மிஞ்சியது. தனியே வெட்டி எடுக்க முடியாது. டெக்லனுக்கு மாலை போடவேண்டுமென்றால் யோகமலரின் படத்துக்குத்தான் போடவேண்டும்.

சபாரத்தினத்தின் முகம் இருண்டுபோயிற்று. வாங்கி வைத்திருந்த சந்தன மாலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன் என்பதுபோல.

"உம்மட படத்துக்கு மாலையோ? நான் இருக்கேக்கையோ? வேண்டாம் யோகம். விளக்கு வைச்சதுக்கே அண்டைக்குக் காய்ச்சலில கிடந்து உழண்டனீர். எனக்கு மறக்கேல்லை."

"காய்ச்சல் மாறித்தானே இவ்வளவு காலமும் இருக்கிறன்? ஒரு மாலைக்குச் சாகிறதெண்டால்..."

"வாயைக் கழுவும்!" என்றார் அவர்.

யோகமலர் அவர் பக்கத்தில் போய் இருந்தாள். "இந்த வாயை ஆரப்பா தந்தது?" என்று மெல்லக் கேட்டாள். "நான் கதவுக்குப் பின்னால மூச்சை அடக்கிக்கொண்டு நிண்ட ஆள். நீங்கள்தானே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அவர் இருக்கிற இடம் இது ஒண்டுதான். திரும்ப அலுமாரிக்குப் பின்னால அவரைத் தள்ள என்னால ஏலாது."

அவர் நெடுநேரம் மாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை அவள் கையில் வைத்தார்.

"என்ர கையால போடமாட்டன்."

"நான் போடுறன். நீங்கள் கதிரையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

மறுநாள் காலை படத்தை அதே பழைய ஆணியில் கொழுவிவிட்டு, யோகமலர் கதிரையில் ஏறித் தன் படத்துக்குத் தானே மாலை போட்டாள். செம்பு மறையாதபடி இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டாள். சபாரத்தினம் கதிரையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த தேவாரத்தையெல்லாம் முணுமுணுத்தார். கீழே விளக்கு, புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, செம்பில் தண்ணீர்.

பத்து மணிக்கெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பேக்கரிக்காரரின் விதவை கேக் கொண்டுவந்தாள். பண்ணைக்காரர் ரியூலிப் பூக்களோடு வந்தார். நவரத்தினம் அண்ணை இப்போது ஊன்றுகோலோடு வந்தார். முன்னறையில் காலை வைத்தவர், சட்டம் போட்ட படத்தையும் மாலையையும் விளக்கையும் கண்டார். கை தன்பாட்டில் தொப்பிக்குப் போனது. தேநீர்த் தட்டோடு யோகமலர் வந்தாள். மனிதர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, இதென்ன திரும்பவும்?"

"கிட்டப் போய்ப் பாருங்கோ அண்ணை. செம்புக்குள்ள."

நவரத்தினம் அண்ணை ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். நேரம் போனது. நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அட, அந்தாள்! செத்தும் கதைக்கிறதை விடேல்லை" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று செம்புக்குள் பார்த்தார்கள். பண்ணைக்காரர் இரண்டு முறை பார்த்தார். எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த டெக்லன் கதையைச் சொல்ல, பல் வைத்தியர் கதை மட்டும் மூன்று விதமாக வந்தது. சாப்பாடு முடிந்து, கோப்பி குடித்து, பின்னேரம் ஒவ்வொருவராகப் போனார்கள். வாசலில் எல்லாரும் யோகமலரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னறைக்குத் திரும்பினாள். சபாரத்தினம் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். படத்துக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மூடின வாயை நினைத்துப் பார்த்தாள். அது சரியாக நினைவுக்கு வரவில்லை.

"தக் ஃபோ சிஸ்ட்" என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. ஸ்கீவ முழுக்க வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், அன்றைக்கு ஒரு சொல் கதைக்காமல், அவர் சொல்லி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.